பாப்பாரப்பட்டி: ரயில் ஏற மறுக்கப்பட்டவருக்கு இடம் தந்த பேரூர்

பாப்பாரப்பட்டி, தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் வட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சி ஆகும். மாவட்டத் தலைநகரான தருமபுரிக்கு வடமேற்கே சுமார் 16, 17 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளைக் கழித்ததும், 1925 ஜூலை 23 அன்று மறைந்ததும் இந்த ஊரில்தான். பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்ப வேண்டும் என்ற அவருடைய திட்டத்துக்கு 1923-இல் இங்கே அடிக்கல் நாட்டப்பட்டது. அந்த எண்ணம் நினைவாலயமாக வடிவம் பெற ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

ஒரு பெருநகரத்தில் நடந்திருக்க வேண்டியதாகத் தோன்றும் இந்த வரலாறு, ஏன் ஒரு சிற்றூரில் நடந்தது என்பதே பாப்பாரப்பட்டியைப் பற்றிய முதன்மையான கேள்வி. அதற்கான விடை சிவாவின் நோயிலும், அந்த நோயாளிகளை அன்றைய சட்டமும் சமூகமும் நடத்திய முறையிலும் இருக்கிறது.

அமைவிடம்

தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம் ஆகிய மூன்று ஊர்களுக்கும் இடைப்பட்ட சமவெளியில் பாப்பாரப்பட்டி அமைந்துள்ளது. வடக்கே பாலக்கோடு, தென்கிழக்கே தருமபுரி, தென்மேற்கே பென்னாகரம். பென்னாகரத்தைத் தாண்டி மேற்கே சென்றால் காவிரி பாயும் ஒகேனக்கல். மேற்கிலும் வடமேற்கிலும் காடு சார்ந்த குன்றுகள் உள்ளன. சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குக் கடைவீதியாகவும், பேருந்து மாறும் இடமாகவும், பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் வரும் ஊராகவும் இது விளங்குகிறது. மேல்படிப்பு, நீதிமன்றம், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் போன்ற தேவைகளுக்கு மக்கள் தருமபுரிக்குச் செல்கின்றனர். வேலை தேடிச் செல்வோரை ஈர்க்கும் பெருநகரம் பெங்களூரு.

பெயர் ஒற்றுமையால் இந்த ஊரை வேறு ஊர்களோடு குழப்பிக்கொள்வது உண்டு. இதே தருமபுரி மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் பாப்பிரெட்டிப்பட்டி என்ற பேரூராட்சியும் வட்டமும் உள்ளன. அந்த வட்டத்திலுள்ள கோபாலபுரத்தில் இயங்கும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குச் சுப்பிரமணிய சிவாவின் பெயரே சூட்டப்பட்டுள்ளதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. சிவா வாழ்ந்து மறைந்த ஊர், மேற்கே பென்னாகரம் வட்டத்திலுள்ள பாப்பாரப்பட்டியே.

பாராமகால் பகுதியில்

இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதி 18-ஆம் நூற்றாண்டில் பாராமகால் என்று அழைக்கப்பட்டது. ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் மைசூர் அரசுக்கு உட்பட்டிருந்த இப்பகுதி, மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில் 1792-இல் கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ்ப் பணிபுரிந்த தாமஸ் மன்றோவும் இங்கே நிலங்களை அளந்து, உழவரிடமிருந்து நேரடியாக வரி பெறும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் இட்டனர். பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவிய அந்த வரி முறையின் தொடக்கக் களம் இந்த வறண்ட நிலமே.

கம்பெனி ஆட்சியில் இப்பகுதி சேலம் ஜில்லாவுடன் இணைக்கப்பட்டது. அந்த இணைப்பு 1965 அக்டோபர் 2 வரை நீடித்தது. அன்று சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் தனியே பிரிந்தது. பின்னர் 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் அதிலிருந்து பிரிந்தது. ஆகவே சிவா வாழ்ந்த காலத்தில் பாப்பாரப்பட்டி சேலம் ஜில்லாவைச் சேர்ந்த ஊர். இந்தச் சிறு விவரம் அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள உதவும்.

சிவா: மேடையிலிருந்து சிறைக்கு

சுப்பிரமணிய சிவா 1884 அக்டோபர் 4 அன்று இன்றைய திண்டுக்கல் மாவட்டத்திலுள்ள வத்தலக்குண்டில் பிறந்தார். இளமையிலேயே நாட்டுப்பற்றுச் சொற்பொழிவாளராக அறியப்பட்ட அவர், 1908 தொடக்கத்தில் தூத்துக்குடிக்கு வந்து வ. உ. சிதம்பரனாருடன் சேர்ந்தார். அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியில் தொடங்கிய கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு இருவரும் துணை நின்றனர். தொழிலாளர் கோரிக்கைகளை நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. இந்தியத் தொழிலாளர் இயக்க வரலாற்றின் தொடக்க கால வெற்றிகளுள் அது ஒன்று.

விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடும் கூட்டங்களை ஒட்டி, 1908 மார்ச் 12 அன்று வ. உ. சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் பெருங்கலவரம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே வ. உ. சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் பத்து ஆண்டு நாடுகடத்தல் தண்டனையும் விதித்தார். மேல்முறையீட்டில் இவை குறைக்கப்பட்டன. சிவாவின் தண்டனை ஆறு ஆண்டுகளாயிற்று.

திருச்சிச் சிறையில் கடும் வேலை வாங்கப்பட்ட சிவாவைத் தொழுநோய் பற்றியது. பின்னர் அவர் சேலம் சிறைக்கு மாற்றப்பட்டு, 1912 நவம்பர் 2 அன்று விடுதலையானார். சிறையில் கம்பளி ரோமத்தைச் சுத்தம் செய்யும் வேலையால்தான் நோய் வந்தது என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறும். தொழுநோய் ஒரு நுண்ணுயிரியால் வருவது. 1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் அதைக் கண்டறிந்தார். நோய்க்கிருமி உடலுக்குள் புகுந்த பின் அறிகுறி தோன்றப் பல ஆண்டுகள் ஆகக்கூடும் என்பதால், எந்த நாளில், எந்த வேலையில் நோய் பற்றியது என்று யாராலும் சொல்ல இயலாது. ஆனால் நெரிசலான சிறையும், குறைந்த உணவும், ஓய்வில்லாத உழைப்பும் எந்த உடலையும் நோய்க்கு எளிதாக இரையாக்கக் கூடியவை. நலமாகச் சிறை புகுந்த 23 வயது இளைஞர் 28 வயதில் நோயாளியாக வெளியே வந்தார் என்பதே உண்மை.

விடுதலைக்குப் பின் அவர் சென்னையில் தங்கி, 1913-இல் 'ஞானபாநு' என்ற மாத இதழைத் தொடங்கினார். பாரதியாரின் 'சின்னச் சங்கரன் கதை' வெளிவந்தது அந்த இதழில்தான். பின்னர் 'பிரபஞ்சமித்திரன்' இதழையும் நடத்தினார். நூல்களும் நாடகங்களும் எழுதினார். மீண்டும் மேடையேறி, மீண்டும் சிறையும் சென்றார்.

ரயில் ஏற முடியாத பேச்சாளர்

ஊர் ஊராகச் சென்று பேசுவதே சிவாவின் வாழ்வாக இருந்தது. அந்தக் காலத்தில் ஊர் ஊராகச் செல்வதற்கு ரயிலே வழி. தொற்றுநோய் உள்ளவர்கள் அனுமதியின்றி ரயிலில் பயணம் செய்யக்கூடாது என்று 1890-ஆம் ஆண்டு இந்திய ரயில்வே சட்டம் விதித்திருந்தது. பிச்சையெடுத்துத் திரியும் தொழுநோயாளிகளைப் பிடித்துக் காப்பகங்களில் அடைப்பதற்கு 1898-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருந்தது. சிவாவின் நோயைக் காரணம் காட்டி, அவர் ரயிலில் செல்வதற்கு அரசு தடை விதித்தது.

தடை பொது நலத்துக்கானது என்று சொல்லப்பட்டாலும், அதன் விளைவு அரசியல் சார்ந்ததாகவே இருந்தது. சிறைக்கு அனுப்பாமலே ஒரு பேச்சாளரின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்த முடிந்தது. சிவா பயணத்தை நிறுத்தவில்லை. கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் ஊர்களுக்குச் சென்றார். காவி உடுத்து, சுதந்திரானந்தர் என்ற பெயரும் பூண்டார். புண்களைத் துணியால் மறைத்துக்கொண்டு மேடைகளில் பேசினார்.

அன்றைய தருமபுரிக்கு ரயில் வசதி இருந்தது. சென்னையிலிருந்து சேலம் செல்லும் பெரிய பாதையிலுள்ள மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் ஒரு குறுகிய பாதை அமைக்கப்பட்டு, 1913-இல் ஓசூர் வரை நீட்டிக்கப்பட்டது. பாப்பாரப்பட்டிக்கு அருகிலுள்ள ரயில் நிலையங்கள் அந்தப் பாதையிலேயே இருந்தன. தம் கடைசி இருப்பிடத்துக்குப் பக்கத்தில் ஓடிய அந்த வண்டியிலும் சிவா ஏற முடியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-இல், அந்தக் குறுகிய பாதை மூடப்பட்டது. மொரப்பூரையும் தருமபுரியையும் மீண்டும் ரயிலால் இணைக்க வேண்டும் என்பது அதன் பின் இம்மாவட்ட மக்களின் நெடுநாள் கோரிக்கையாயிற்று.

பாரதபுரமும் அடிக்கல்லும்

1920-களின் தொடக்கத்தில் பாப்பாரப்பட்டி அன்பர்கள் சிவாவை ஆதரித்தனர். அவர்களுடைய துணையோடு ஊருக்கு அருகில் நிலம் வாங்கி, அதற்குப் பாரதபுரம் என்று பெயரிட்டு, ஆசிரமம் அமைத்தார். தொழுநோயாளி என்றால் உறவினரே விலக்கி வைத்த காலம் அது. வாடகைக்கு வீடு கிடைப்பதும் அரிது. அத்தகைய காலத்தில் ஒரு சிற்றூர், நோயும் அரசின் கண்காணிப்பும் ஒருங்கே கொண்ட ஒருவரைத் தன்னிடம் தங்க வைத்தது. நாட்டு வரலாற்றில் பாப்பாரப்பட்டியின் பங்கு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதையே முதலில் சொல்ல வேண்டும்.

சிவா அங்கே எழுப்ப விரும்பியது பாரத மாதா கோயில். வங்கத்தில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பங்கிம் சந்திரரின் எழுத்தில் உருப்பெற்று, 1905-இல் அபனீந்திரநாத் தாகூரின் ஓவியத்தால் முகம் பெற்ற உருவம் பாரத மாதா. தமிழில் அவளைப் பாட்டால் பரப்பியவர் பாரதியார். அதைக் கல்லால் கட்ட நினைத்தார் சிவா. நாட்டையே தெய்வமாக வைத்து ஒரு கோயில் என்ற எண்ணம் அப்போது புதியது.

கோயிலுக்கு 1923-இல் அடிக்கல் நாட்டியவர் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ். 1922 டிசம்பரில் கயையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டின் தலைவர் அவர். சட்டசபைகளுக்குள் நுழைந்து போராட வேண்டும் என்ற தம் கருத்து அங்கே தோற்றதும், 1923 தொடக்கத்தில் மோதிலால் நேருவுடன் சேர்ந்து சுயராஜ்யக் கட்சியைத் தொடங்கினார். எதிரணியின் முக்கியத் தலைவர் ராஜாஜி. அவர் இதே சேலம் ஜில்லாவைச் சேர்ந்தவர், சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். அத்தகைய சூழலில், அந்த ஜில்லாவின் ஒரு மூலையிலிருந்த பாப்பாரப்பட்டிக்குக் கல்கத்தாவின் பெரும் தலைவர் ஒருவர் வந்து அடிக்கல் நாட்டியது, சிவாவுக்கு நாட்டளவில் இருந்த மதிப்பைக் காட்டுகிறது.

1925

கோயில் எழவில்லை. கட்டுவதற்குப் பணம் வேண்டும். பணம் திரட்டச் சிவா ஊர் ஊராகச் செல்ல வேண்டும். ரயில் தடையும் முற்றிய நோயும் அதற்கு வழிவிடவில்லை. தொழுநோய்க்கு அன்று இருந்த மருந்து நீரடிமுத்து எண்ணெய் மட்டுமே. அதனால் நோய் முற்றிலும் குணமாவதில்லை.

1925 ஜூன் 16 அன்று, அடிக்கல் நாட்டிய சித்தரஞ்சன் தாஸ் டார்ஜிலிங்கில் காலமானார். ஐந்து வாரங்கள் கழித்து, ஜூலை 23 அன்று, சிவா பாப்பாரப்பட்டியில் உயிர் நீத்தார். அவருக்கு வயது 40. பாரதியார் 1921-லேயே மறைந்திருந்தார். தூத்துக்குடி நாட்களின் தோழர்களில் எஞ்சியிருந்த வ. உ. சி. 1936 வரை வறுமையோடு வாழ்ந்தார். அதே 1936-இல்தான் காசியில் சிவப்பிரசாத் குப்தா எழுப்பிய பாரத மாதா கோயிலைக் காந்தியடிகள் திறந்து வைத்தார். அங்கே சிலைக்குப் பதிலாக, பளிங்கில் செதுக்கிய இந்திய நிலப்படம் வைக்கப்பட்டுள்ளது. பாப்பாரப்பட்டியின் அடிக்கல் அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முந்தியது.

நோயும் சட்டமும் மாறிய கதை

சிவா மறைந்து இருபது ஆண்டுகள் கடந்ததும் தொழுநோய் மருத்துவம் மாறத் தொடங்கியது. 1940-களில் டாப்சோன் என்னும் மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. இந்தியாவில் அதைத் தொடக்கத்தில் சோதித்த இடங்களுள் ஒன்று செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனை. 1980-களில் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை மருந்து உட்கொண்டால் நோய் குணமாகும். சிகிச்சை தொடங்கிய சிறிது காலத்திலேயே நோயாளி பிறருக்கு நோயைப் பரப்பும் நிலை நீங்கிவிடும்.

சட்டம் மருத்துவத்தைவிட மெதுவாகவே நகர்ந்தது. தொழுநோயாளிகளை அடைத்து வைக்க வகை செய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் முழுமையாக நீக்கப்பட்டது. திருமண முறிவுக்குத் தொழுநோயை ஒரு காரணமாகக் காட்டும் விதிகளை நாடாளுமன்றம் 2019-இல் நீக்கியது. ஒரு காலத்தில் தொழுநோயாளியை ஏற்ற மறுத்த ரயில்வே, பின்னாளில் தொற்று நீங்கிய தொழுநோயாளிகள் சிகிச்சைக்குச் செல்லக் கட்டணச் சலுகை அளித்தது. சிவாவை முடக்கிய இரண்டு சுவர்களான நோயும் தடையும் இவ்வாறு ஒவ்வொன்றாக விழுந்தன. அவர் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் பின்னே பிறந்திருந்தால், பாப்பாரப்பட்டியில் தங்க வேண்டிய தேவையே அவருக்கு இருந்திருக்காது.

பேரூராட்சி நிர்வாகம்

பேரூராட்சி என்பது ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் இடைப்பட்ட உள்ளாட்சி அமைப்பு. ஊரகச் சுற்றுப்புறத்தின் நடுவே கடைவீதியும் நகரத் தன்மையும் கொண்ட சிற்றூர்களுக்காக ஏற்பட்டது. குடிநீர், தெருவிளக்கு, சாலை, கழிவுநீர், குப்பை அகற்றல் ஆகியவை இதன் முதன்மைப் பணிகள். 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இத்தகைய அமைப்புகளுக்கு அரசியலமைப்பு ஏற்பைத் தந்தது.

ஆயினும் தமிழ்நாட்டின் சிறிய பேரூராட்சிகளின் நிலை அடிக்கடி மாறியது. 2004-இல் 30,000-க்கும் குறைந்த மக்கள்தொகை கொண்ட பேரூராட்சிகள் 'சிறப்புக் கிராம ஊராட்சி'களாக மாற்றப்பட்டு, 2006-இல் மீண்டும் பேரூராட்சிகளாயின. 2016 அக்டோபரில் உள்ளாட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்த பின் தேர்தல் தள்ளிப்போனது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் தேர்தல் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பாப்பாரப்பட்டி உட்பட எல்லாப் பேரூராட்சிகளையும் தனி அலுவலர்களே நிர்வகித்தனர். குழாயில் நீர் வராதபோது கேட்பதற்கு வார்டு உறுப்பினர் இல்லாத ஆண்டுகள் அவை. சட்டமன்றத் தேர்தலில் இவ்வூர் பென்னாகரம் தொகுதியிலும், மக்களவைத் தேர்தலில் தருமபுரி தொகுதியிலும் அடங்கும்.

நிலமும் நீரும்

இப்பகுதியின் வேளாண்மை மழையையும் கிணற்றையும் நம்பியது. கேழ்வரகு, சோளம், நிலக்கடலை, துவரை, தக்காளி, மா, புளி ஆகியவை மாவட்டத்தில் பரவலாக விளைபவை. பட்டுப்புழு வளர்ப்புக்காக மல்பெரியும் பயிரிடப்படுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தருமபுரி மாவட்ட வேளாண் அறிவியல் நிலையம் பாப்பாரப்பட்டியிலேயே அமைந்துள்ளது. புதிய பயிர் ரகங்களை உழவர் வயல்களில் சோதிப்பதும், மண் பரிசோதனையும் பயிற்சியும் அளிப்பதும் இதன் பணிகள்.

குடிநீர் இம்மாவட்டத்தின் நெடுநாள் சிக்கல். கடினப் பாறைகளிடையே தேங்கும் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளூரைடு மிகுதி. அந்த நீரைத் தொடர்ந்து குடிப்போருக்குப் பற்களில் பழுப்புக் கறை படியும். நாளடைவில் எலும்புகளும் மூட்டுகளும் பாதிக்கப்படும். ஆழ்துளைக் கிணறுகள் ஆழமாக ஆழமாகச் சிக்கலும் மிகுந்தது. இதற்குத் தீர்வாக, ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தீட்டப்பட்டது. 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, சுமார் 1,929 கோடி ரூபாய் மதிப்பில் நிறைவேற்றப்பட்டு, 2013 மே மாதத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நகரங்களும் பேரூர்களும் ஆயிரக்கணக்கான குடியிருப்புகளும் இதனால் காவிரி நீரைப் பெறுகின்றன.

நினைவிடங்கள்

பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்தைத் தமிழ்நாடு அரசு மணிமண்டபமாக அமைத்துப் பராமரிக்கிறது. ஆண்டுதோறும் அவருடைய பிறந்த நாளான அக்டோபர் 4 அன்றும் நினைவு நாளான ஜூலை 23 அன்றும் இங்கே மலரஞ்சலி செலுத்தப்படுகிறது. அதே வளாகத்தில் பாரத மாதாவுக்கு ஒரு நினைவாலயமும் நூலகமும் அரசால் கட்டப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டன. சிவா கனவு கண்டது கோயில், எழுந்திருப்பது நினைவாலயம். அதைக் கோயில் என்றே அழைக்க வேண்டும் என்று வாதிடுவோரும் உண்டு.

பள்ளி மாணவர் சுற்றுலாக்களில் பெரும்பாலும் ஒகேனக்கல் அருவியே இடம்பெறுகிறது. தருமபுரியிலிருந்து பாலக்கோட்டுக்கோ பென்னாகரத்துக்கோ செல்பவர்கள் சற்றே விலகி இங்கு வந்து போகலாம். அடிக்கல் நாட்டிய தலைவரின் பெயரையும், கோயில் கேட்ட வீரரின் பெயரையும் பாடநூல்கள் சொல்கின்றன. நோயுற்ற அந்த மனிதருக்குச் சோறும் நிழலும் தந்து, இறுதியில் தம் மண்ணிலேயே இடமும் தந்த ஊராருக்குத் தனி நினைவுச்சின்னம் இல்லை. பாப்பாரப்பட்டி என்ற ஊர்ப்பெயரே அவர்களுக்கான நினைவுச்சின்னம்.